குடும்பத்தோடு கடற்கரை வாசம்

தேர்வுகள் முடிந்து கலாசாலையின் வாயில் அடைபட்டவுடன் நம் இல்லங்களில் எழும் முதல் வினா, "இவ்வாண்டு எங்கே செல்வது?" என்பதாம். மலைநாட்டை நாடுவோர் ஒரு சாரார். உற்றார் வாழும் ஊரை நாடுவோர் மற்றொரு சாரார். கடற்கரையை நாடுவோர் தொகையும் நாளுக்கு நாள் பெருகி வருகின்றது. அவருள்ளும் விடுதியில் அறை கொண்டு மூன்று வேளையும் உணவகத்தில் உண்பதை விடுத்து, அடுக்களையோடு கூடிய வீடொன்றை நாலைந்து நாட்களுக்கு வாடகைக்கு அமர்த்தித் தாமே சமைத்துண்டு தங்க விரும்புவோர் பலராயினர். இவ்வழக்கம் நன்று என்பதே நமது கருத்து. ஆயினும், அதற்குரிய இடத்தைத் தேரும் முறையில் நம்மவர் பெரிதும் தவறுகின்றனர் என்பதும் நமது கருத்தேயாம். நீலக்கடலும் வெண்மணலும் சாய்ந்த தென்னையும் அமைந்த படமொன்றைக் கண்டவுடன் மூட்டை கட்டுகின்றனர். கடலின் குணம் யாது, குடிநீர் எத்தகையது, அடுக்களையில் நிற்பவர் யார், கரையில் வாழும் மக்கள் எவர் என்னும் நான்கினையும் வினவுவார் அரியர். காட்சியழகைக் கடைசியில் வைத்து இந்நான்கினையும் முதலில் ஆராய்தல் வேண்டும் என்பதை எடுத்துரைக்கவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

சமைத்துண்ணும் விடுமுறையின் நன்மைகளை முதற்கண் கூறுவோம். குடும்பம் என்பது ஒரே வயதினர் கூடிய கூட்டமன்று. பற்கள் தளர்ந்த பாட்டனார்க்குக் குழைந்த சோறு வேண்டும். நீரிழிவுடைய தந்தையார்க்கு இனிப்பும் அரிசியும் குறைய வேண்டும். கைக்குழவிக்குக் காய்ச்சிய பால் வேளை தவறாது கிடைத்தல் வேண்டும். இவை யாவும் ஓர் உணவகத்தில் ஒருங்கே கிடைத்தல் அரிது. செலவும் சுருங்கும். இவற்றினும் மேலாக, தாம் தங்கிய ஊரின் சந்தைக்குச் சென்று, அவ்வூரார் உண்ணும் மீனையும் காயையும் அவரிடமே விலைக்கு வாங்கி, அவர் சொல்லும் முறைப்படி சமைத்து உண்பவர், அவ்வூரை ஒருவாறு அறிந்தவர் ஆகின்றார். உணவகத்தில் உண்டு மீள்பவர் அவ்வூரைக் கண்டவரேயன்றி அறிந்தவர் ஆகார்.

ஆனால் இந்நன்மைக்கு விலை தருபவர் யார்? இங்கே சிறியதொரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். குடும்பத்தில் அறுவர் உளர் என்க. தங்குவது 5 நாட்கள் என்க. நாளொன்றுக்கு மூவேளை வீதம் இட வேண்டிய இலைகள் 90. இடையிடையே தேநீரும் காபியும் சிற்றுண்டியும் வேறு. இந்த 90 இலைகளுக்கும் அரிவதும் அரைப்பதும் அடுவதும் பரிமாறுவதும் பாத்திரம் துலக்குவதும் பெரும்பாலான இல்லங்களில் ஒரு பெண்மணியின் தலையிலேயே விழுகின்றன. வீட்டிலேனும் அவருக்குப் பழகிய அடுப்பும் கைக்கெட்டும் அஞ்சறைப் பெட்டியும் உண்டு. வந்த இடத்திலோ மழுங்கிய அரிவாள்மணையும், மூடியில்லாப் பாத்திரமும், எரியத் தயங்கும் அடுப்புமே காத்திருக்கின்றன. கணவர் மணலிலே உலாவுகின்றார். மக்கள் அலையிலே ஆடுகின்றனர். அன்னையோ சன்னல் வழியாகக் கடலைக் காண்கின்றார். ஊர் மீண்டவுடன் யாவரும், "நல்ல இளைப்பாறல்" என்று கூற, அவர் மட்டும் மௌனமாயிருந்து, மூட்டையில் வந்த அழுக்குத் துணிகளைத் துவைக்க எடுக்கின்றார். ஐவர் இளைப்பாற ஒருவர் இருமடங்கு உழைப்பதை விடுமுறை என்று எங்ஙனம் அழைப்பது?

ஆகவே, இடந்தேரும் ஆலோசனையில் முதற்சொல் அடுக்களையில் நிற்பவருடையதாக இருத்தல் வேண்டும். அவ்வீட்டிற்கு அண்மையில் சந்தை உளதா, மீனைச் செதிளெடுத்து அரிந்து தருவார் உளரா, நாளில் ஒருவேளையேனும் வெளியே உண்ணத்தக்க நல்ல உணவுக்கடை உளதா என்பனவற்றை அவரே வினவித் தெளியட்டும். இவை மூன்றும் இல்லாத தனித்த கடற்கரை எத்துணை எழிலுடையதாயினும், குடும்பத்திற்கு ஏற்றதன்று. கலாசாலையிற் பயிலும் இளைஞர்க்கும் ஒரு சொல். சோறு வடிக்கவும் காய் அரியவும் பாத்திரம் துலக்கவும் கற்றல் ஆண்மக்களுக்கு இழுக்கன்று. கடலில் மீன் பிடிக்கும் வலையர் படகிலேயே சோறாக்கி உண்கின்றனர். அதனால் அவர்தம் ஆண்மை குறைந்ததாக எவரும் கூறக் கேட்டிலோம். முற்பகல் அடுக்களை ஆடவரதாகவும், மாலை அடுக்களை பெண்டிரதாகவும், ஒருவேளை கடையதாகவும் வகுத்துக்கொள்ளும் குடும்பமே உண்மையில் விடுமுறை கொண்ட குடும்பமாகும்.

இனிக் கடலின் குணத்தை நோக்குவோம். உயிருக்கு இடர் தருவது இதுவேயாதலின் இதனைச் சற்று விரித்துரைத்தல் கடமை. அலைகள் கரைநோக்கிக் கொணர்ந்து குவிக்கும் நீர் எவ்வழியாகவேனும் கடலுக்கு மீள வேண்டுமன்றோ? அது குறுகியதொரு தடத்தின் வழியே விசையோடு மீளும். அத்தடத்தில் அலை உடையாது. நீர் அமைதியுடையது போலத் தோன்றும். அதனாலேயே அறியாதார் அவ்விடத்தையே நீராடத் தேர்ந்து உள்ளே ஈர்க்கப்படுகின்றனர். அங்ஙனம் அகப்பட்டவர் நீரோட்டத்தை எதிர்த்துக் கரைநோக்கி நீந்தினால் விரைவில் சோர்வர். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அத்தடத்தை விட்டு விலகிய பின்னரே கரையை நாடுதல் வேண்டும். இதனை நம் மாணவர் யாவரும் நெஞ்சிற் பதித்துக்கொள்க.

இதனினும் கொடியது, கேரளக் கரையின் மீனவர் 'கள்ளக்கடல்' என்று வழங்கும் பேரலைப் பெருக்கு. இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் வீசும் புயற்காற்றினால் எழுந்த அலை, பல நாட்கள் பயணஞ் செய்து, இங்கே காற்றும் மழையும் ஒன்றுமில்லாத தெளிந்த நாளில், கள்வனைப் போல் கரையேறுகின்றது. கோடை விடுமுறைக் காலமாகிய ஏப்பிரல், மே மாதங்களில் இது நிகழ்தல் உண்டு. 2024-ஆம் ஆண்டு மே மாதம் 6-ஆம் நாள், கன்னியாகுமரி மாவட்டத்துக் கணபதிபுரத்தை அடுத்த கடற்கரையில், பயிற்சி மருத்துவராயிருந்த இளைஞர் ஐவர் அலையால் ஈர்க்கப்பட்டு உயிரிழந்தனர். பேரலை பற்றிய எச்சரிக்கை அதற்கு முன்னரே விடுக்கப்பட்டிருந்தது. கற்றோரையும் கல்லாதாரையும், நீந்த வல்லாரையும் மாட்டாதாரையும் கடல் வேறுபடுத்தி நோக்குவதில்லை. ஐதராபாத்தில் உள்ள இந்தியப் பெருங்கடல் தகவல் சேவைக்கான தேசிய மையம் நாள்தோறும் அலைநிலையை அறிவிக்கின்றது. உணவுக்கடையின் பெயரைக் கைப்பேசியில் தேடுவோர், இவ்வறிவிப்பையும் ஒரு கணம் நோக்கினால் எத்துணை நன்றாம்!

இவ்வளவைகளைக் கொண்டு நம் நாட்டுக் கரைகள் சிலவற்றை எடை போடுவோம்.

மாமல்லபுரம் பல்லவர் தம் கலைத்திறத்தால் உலகப் புகழ் கொண்டது. 1984-ஆம் ஆண்டில் அதன் சின்னங்கள் உலகப் பாரம்பரியச் சின்னங்களாக ஏற்கப்பட்டன. ஒரு நாட் பயணத்திற்கு அதனை ஒப்பது பிறிதில்லை. ஆயினும் சென்னைக்கு அணித்தாயிருத்தலின் விடுமுறை நாட்களில் நெருக்கடியும் விலையேற்றமும் மிகுதி, அலையும் வலிது. சிற்பங் காணச் செல்க. சிறுவரோடு பல நாள் நீராடித் தங்கற்கு அது முதலிடம் பெறாது.

கன்னியாகுமரியும் அதற்கு மேற்கேயுள்ள முட்டமும் காட்சியில் ஈடிணையற்றவை. குமரிமுனையில் 1970-இல் அமைந்த விவேகானந்தர் பாறை மண்டபமும், 2000-ஆம் ஆண்டின் முதல் நாளில் திறக்கப்பெற்ற 133 அடித் திருவள்ளுவர் சிலையும் கண்ணைக் கவர்வன. முட்டத்துப் பாறைகளின் மேல் அலை மோதும் தோற்றம் மறக்கற்பாலதன்று. சந்தைகளோ நிறைவுடையன, தேங்காயும் மரவள்ளியும் செவ்வாழையும் மீனும் குறைவின்றிக் கிடைக்கும். அடுக்களைக்கு அதனினும் சிறந்த மாவட்டம் அரிது. ஆனால் நாம் மேலே கூறிய கள்ளக்கடலின் வாயில் அக்கரையே. அங்கே கடலைக் காணலாம், இறங்கலாகாது. சிறுவரை ஐந்து நாள் கடலருகே வைத்து, "இறங்காதே" என்று கூறிக்கொண்டிருத்தல் பெற்றோர்க்கும் இளைப்பாறலன்று, மக்கட்கும் இளைப்பாறலன்று.

தரங்கம்பாடி வரலாற்றன்பர்க்கு ஏற்ற சிற்றூர். 1620-இல் தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் இசைவு பெற்று டேனியர் எழுப்பிய கோட்டை இன்றும் கடலை நோக்கி நிற்கின்றது. 1706-இல் வந்திறங்கிய சீகன்பால்கு அச்சுக்கூடம் நிறுவித் தமிழில் நூல்களை அச்சிட்டதும் அவ்வூரிலேயே. 1845-இல் அஃது ஆங்கிலேயர்க்கு விற்கப்பட்டது. ஆரவாரமற்ற தெருக்களும் பழைய மாளிகைகளும் முதியோர்க்கு இனியன. எனினும் அதன் முன்னுள்ளது திறந்த வங்கக் கடல். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை அக்கரையைத் தாக்கியதை அவ்வூரார் மறந்திலர். இருவர் மூவராய் அமைதியை நாடிச் செல்வார்க்கு அவ்வூரைப் பரிந்துரைப்போம். அலையாட விழையும் சிறுவரோடு செல்வார்க்குத் தயங்கியே கூறுவோம்.

எஞ்சி நிற்பது, பலரும் யாத்திரை கருதியன்றி நினையாத இராமநாதபுரத்துக் கரை. சிறுவரும் முதியவரும் உடைய குடும்பத்திற்கு நாம் முதலிடம் தருவது இதற்கே. இராமநாதபுரத்திற்கும் மண்டபத்திற்கும் இடையே உச்சிப்புளியை அடுத்த அரியமான் முதலிய பகுதிகளில் வடபாற் கடல் பாக்கு விரிகுடா. தென்பாற் கடல் மன்னார் வளைகுடா. அவ்வூர் மக்கள் அமைதியுடைய வடகடலைப் 'பெண்கடல்' என்றும், அலைமிகுந்த தென்கடலை 'ஆண்கடல்' என்றும் வழங்குவர். பாக்கு விரிகுடா ஆழங் குறைந்தது. இலங்கைத் தீவு கீழ்பால் மறைத்து நிற்றலின் பெருங்கடலின் அலை அதனுட் புகுதல் அரிது. தெற்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் காற்று வீசும் கோடைக்காலத்தில் அக்கடல் பெரும்பாலும் ஏரி போற் கிடக்கும். மண்டபத்தருகே நிலம் ஒடுங்கியிருத்தலின், காலையில் ஒரு கடலையும் மாலையில் மற்றொரு கடலையும் காணலாம். பாம்பன் தூக்குப் பாலம் 1914-இல் திறக்கப்பெற்றது. அதற்கு ஈடாக எழுந்த புதிய செங்குத்துத் தூக்குப் பாலம் 2025 ஏப்பிரல் 6-இல் திறக்கப்பெற்றது. இரண்டன் அமைப்பையும் ஒப்பிட்டு அறிதல் பொறியியல் பயிலும் மாணவர்க்குப் பெருவிருந்தாம்.

இதனை மறுப்போர் கூற்றுக்களையும் நாம் மறைக்க விரும்பவில்லை. "அக்கடலிலும் இடர் உண்டே" என்பர். உண்டு. 1964-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள் இரவில் எழுந்த புயல் தனுஷ்கோடியையும், அதனை நோக்கி வந்த புகைவண்டியையும், வண்டியிலிருந்தோரையும் விழுங்கியது. வாடைக்காற்று வீசும் ஐப்பசி முதல் மார்கழி வரை பெண்கடலே சினங்கொள்ளும். அக்காலத்து அங்கே செல்லற்க. கோடையிலும் சொறிமீன் உடலில் அரிப்பை உண்டாக்கும்; மணலுட் புதைந்து கிடக்கும் திருக்கையை மிதித்தால் முள் பாயும்; ஆதலின் ஆழமற்ற நீரிலும் காலைத் தேய்த்து நடத்தல் நலம். அமைதியான கடல் என்பது காவலற்ற கடல் என்று பொருள்படாது; சிறுவர் நீரிலிருக்கும்போது பெரியோர் ஒருவர் கைப்பேசியை நோக்காது கடலையே நோக்கி நிற்றல் வேண்டும்.

"அங்கே குடிநீர் இல்லையே" என்பது இரண்டாவது மறுப்பு. இதுவே நாம் மிகவும் மதிக்கும் மறுப்பாம். இராமநாதபுரம் மாவட்டத்துக் கரையோரக் கிணறுகள் பலவற்றில் உவர்நீரே ஊறும். காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தால் நெடுந்தொலைவிலிருந்து நீர் வருகின்றது. எனினும் குடங்களை வரிசையாக வைத்துக் காத்திருக்கும் பெண்டிரைப் பல ஊர்களில் இன்றும் காணலாம். அந்நிலையில், கடலாடி வந்து மும்முறை நல்லநீரில் குளிக்கும் விருந்தினர், தம்மையறியாமலே அயல்வீட்டார் குடத்தில் கைவைக்கின்றனர். இதற்கு அவ்விடத்தைத் தவிர்ப்பது தீர்வன்று. நீரைச் சிக்கனமாய்ச் செலவிடுவதே தீர்வு. ஒரு வாளி நீரால் உப்பை அலம்பிக்கொள்ளலாம். மீன் கழுவிய நீரை மரத்தின் தூருக்கு ஊற்றலாம். வீடு பேசும்போதே குடிநீர் எங்கிருந்து வருகின்றது, எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகின்றது என்று வினவுதல் இன்றியமையாதது. சிக்கனமாய் வாழச் சிறுவர் கற்றுக்கொள்வதாயின், அவ்விடுமுறை பாடசாலையின் ஓராண்டுப் பாடத்திற்கு ஈடாகும்.

மீனைப் பற்றியும் அறிந்து செல்லல் வேண்டும். மீன்வளப் பெருக்கத்தின் பொருட்டு, தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் ஆண்டுதோறும் ஏப்பிரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லல் தடுக்கப்படுகின்றது. குமரி மாவட்டத்து மேற்குக் கரையில் அத்தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. நமது கோடை விடுமுறையோ முந்திய தடைக்காலத்திலேயே வருகின்றது. ஆகவே மே மாதத்தில் கிழக்குக் கரைக்குச் சென்று, பெரிய வஞ்சிரமும் பாரையும் மலிவாய்க் கிடைக்குமென எதிர்பார்ப்பார் ஏமாறுவர். ஆனால் நாட்டுப் படகுகள் அப்போதும் செல்லும். அவை கரையணுகிய கடலிற் பிடிக்கும் நெத்திலியும் காரலும் சூடையும் நண்டும் அன்றன்றே கரை சேர்கின்றன. பனிக்கட்டியில் பல நாள் கிடந்த பெருமீனினும் அன்று பிடித்த சிறுமீன் நாவிற்கும் உடலுக்கும் நல்லது. மேலும், வருவாய் சுருங்கிய அந்நாட்களில் சிறு மீனவரிடம் நேரே வாங்குதல் அவர் குடும்பத்திற்கும் துணையாம். புளியும் மிளகாய்த்தூளும் மல்லித்தூளும் வீட்டிலிருந்தே கொண்டு செல்க. தேங்காயும் மீனும் காயும் அங்கே வாங்குக. யாவற்றையும் நகரத்திலிருந்தே கட்டிக்கொண்டு போய்க் குப்பையை மட்டும் அவ்வூரில் விட்டு வருதல் விருந்தினர்க்கு அழகன்று.

இறுதியாகக் கரைவாழ் மக்களைப் பற்றி. நாம் உலாவும் மணல் அவர்க்குத் தொழிற்களம். அங்கே வலை உலரும், கருவாடு காயும், படகு பழுது பார்க்கப்படும். "நாற்றம் பொறுக்கவில்லை" என்று மூக்கைப் பொத்துவார், தம் இலையில் விழுந்த மீன் எங்கிருந்து வந்ததென எண்ணிப் பார்ப்பாராக. நம் முன்னோர் நிலத்தை ஐந்திணையாக வகுத்தபோது, கடலும் கடல் சார்ந்த நெய்தலுக்கு உரிய ஒழுக்கமாக இரங்கலை வைத்தனர். கடல்மேற் சென்றார் மீள்வாரோ என்று கரையிலிருந்து கலங்கும் நெஞ்சம் அந்நிலத்திற்கு என்றும் உரியது, இன்றும் நீங்கியதன்று. அங்கே குடித்துக் கூச்சலிடுதலும், இசைப்பெட்டியை முழக்குதலும், வலையை மிதித்து நடத்தலும், கேளாது பெண்டிரைப் படமெடுத்தலும் எவ்வாற்றானும் தகா. வீடு தேரும்போதும் அலைக்கு அணித்தாய் மணல்மேல் நிற்கும் வீட்டை நாடற்க. கடற்கரை ஒழுங்குமுறை பற்றிய மைய அரசின் அறிவிக்கை முதன்முதல் 1991-இல் வெளிவந்தது. உயர்அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரையுள்ள நிலத்திற் கட்டடம் எழுப்புவதற்கு அது வரையறை விதித்தது. அலைவாயில் வீடு வேண்டும் என்று விரும்புவார் தொகை பெருகப் பெருக, படகு ஏற்றும் இடம் சுருங்குகின்றது. ஊருக்குள் வீடெடுத்து, கடலுக்கு நடந்து செல்லல் யாவர்க்கும் நன்று. சந்தையும் மருத்துவமனையும் அப்பொழுதே அணித்தாகும்.

அன்பர்காள்! அழகிய கரை எது என்று வினவுவதை விடுத்து, நம் குடும்பத்தில் இளையவர் அஞ்சாது கால் நனைக்கவும், மூத்தவர் தடுமாறாது நடக்கவும், அடுக்களையில் நிற்பவர் அமர்ந்து கடலைக் காணவும், அவ்வூரார் மீண்டும் வருக என்று மனமாரக் கூறவும் இடந்தரும் கரை எது என்று வினவுவோமாக. அக்கரையைக் கண்டடைந்த பின்னர், ஆங்கே கதிரவன் எழும் காட்சி படத்திற் கண்டதினும் சற்றுக் குறைந்திருப்பினும் கவலற்க. இவ்வாண்டு கோடை தொடங்குமுன், நம் மாணவர் ஒவ்வொருவரும் தத்தம் இல்லத்தில், "இம்முறை முற்பகற் சமையல் என்னுடையது" என்று ஒரு சொல் கூறுவாராயின், அதுவே இடந்தேர்தலில் அவர் எடுத்துவைக்கும் முதல் அடியாகும்.